பல் டாக்டரின் மீன்தொட்டி சிவந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் தண்ணீரை ஊற்றுகிற கட்டத்தில் நான் அந்த இடத்திலேயே இல்லை. ஊற்றியவர் சொன்னதையும், பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சொன்னதையும் வைத்துத்தான் எழுதுகிறேன். இரண்டு பேர் சொன்னதும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போனதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அன்றைய வேலை இவ்வளவுதான். மீன்தொட்டியிலிருந்து மூன்று குடம் தண்ணீரை எடுத்துவிட்டு, புதிதாக மூன்று குடம் ஊற்ற வேண்டும்.

யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். ஆனால் அந்த வேலை ஒரு பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி பட்டதாரியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பட்டதாரி நான்.

தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரம் பழவங்காடியில் ஒரு மாடியில் பல் ஆஸ்பத்திரி. டாக்டர் நாஞ்சில் நாட்டுக்காரர். நான் அங்கே டோக்கன் கொடுப்பேன், ஃபோன் எடுப்பேன், "அடுத்தவங்க வாங்க" என்பேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தார். கடைக்கு வருகிற எல்லோரிடமும், குக்கர் வாங்க வந்தவர்களிடம்கூட, "நம்ம பொண்ணு டாக்டர்கிட்ட கெமிஸ்ட்ரி பாக்குறா" என்று சொல்லிவைத்திருந்தார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. வேலைக்குச் சேர வந்த அன்று டாக்டர் கேட்ட ஒரே கேள்வி அதைப் பற்றித்தான்.

"என்ன படிச்சிருக்க மக்களே?"

"கெமிஸ்ட்ரி சார்."

"அப்ப மீனைப் பாத்துக்கிடுவியா?"

நோயாளிகள் காத்திருக்கிற அறையில் நாலடி நீளத்தில் ஒரு தொட்டி. உள்ளே மஞ்சளும் நீலமுமாக மீன்கள். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு பெரிய ஏரியைச் சேர்ந்தவை. சிக்லிட் என்று பெயர். எந்நேரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும். பல்வலியோடு வருகிறவர்கள் அந்தச் சண்டையைப் பார்த்து வலியை மறப்பார்கள் என்பது டாக்டரின் கணக்கு.

"இவனுவளுக்கு நம்ம ஊரு தண்ணி ஆவாது, கேட்டியா" என்றார் டாக்டர். "அந்த ஏரித் தண்ணி கடின நீரு. சோப்பு போட்டா நுரையே வராது. காரமும் உண்டு. நம்ம ஊர்ல குழாய்த் தண்ணி, கிணத்துத் தண்ணி எல்லாம் மென்மை. கிணத்துல அமிலம் வேற. அப்படியே ஊத்துனா இவனுவ சீக்காளி ஆயிடுவானுவ."

எனக்குத் தலை சுற்றியது. தண்ணீரின் கடினத்தன்மையை எப்படி நீக்குவது என்றுதான் மூன்று வருடம் படித்திருந்தேன். பரீட்சையில் பத்து மார்க் கேள்வி அது. கிடைத்த முதல் வேலையோ கடினத்தன்மையைச் சேர்க்கிற வேலை!

இருந்தாலும் கற்றுக்கொண்டேன். விழிஞ்ஞத்திலிருந்து சிப்பி ஓடு வாங்கிவந்து, உடைத்து, கழுவி, டாக்டரின் பழைய காலுறையில் கட்டி, தண்ணீரை வடிகட்டும் பெட்டிக்குள் வைத்தேன். அது மெல்ல மெல்லக் கரைந்து கடினம் கொடுக்கும். புதுத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் ஆப்பச் சோடா கலந்துவிடுவேன். அது காரம் கொடுக்கும். தண்ணீர் அமிலமா காரமா என்று பார்க்க ஒரு சின்னக் காகிதம் உண்டு. தண்ணீரில் முக்கினால் நிறம் மாறும். அந்த நிறத்தை அட்டையில் இருக்கிற நிறத்தோடு ஒப்பிட வேண்டும். சிவப்பு வந்தால் கடும் அமிலம். பச்சையைத் தாண்டி நீலத்தின் பக்கம் போனால் நம் ஆப்பிரிக்கர்களுக்குச் சௌகரியம்.

தினமும் காகிதம் முக்கினேன். தினமும் பயந்தேன். தினமும் சரியாகவே இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் மஞ்சள் மீன் ஒன்று சாப்பிடுவதை நிறுத்தியது.

டாக்டர் வந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மக்களே, இவ வாய்ல முட்டை வச்சிருக்கா!"

இந்தச் சாதி மீனில் அம்மா முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்குமாம். குஞ்சு நீந்தத் தயாராகும்வரை வாயைத் திறந்து இரை எடுக்காது. தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் பயந்துபோனால் எல்லாவற்றையும் துப்பிவிடும். இல்லாவிட்டால் விழுங்கிவிடும்.

"காலம்பூரா ஆளுவள வாயைத் திற, வாயைத் திறன்னு கெஞ்சுறேன்" என்றார் டாக்டர். "வாயைத் திறக்கக் கூடாத ஒரே பேஷண்ட் இவதான். பாத்துக்கோ."

மறுநாள் அவர் கூட்டம் ஒன்றுக்காகக் கொச்சிக்குக் கிளம்பினார். கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்.

"நாளைக்குச் சாயங்காலம் ரயில்ல வந்துருவேன். கோட்டைக்குள்ள இருக்கான்லா என் கூட்டாளி, தண்ணி டெஸ்ட் பண்ற லேப் வச்சிருக்கான், அவனும் கூட வாறான். மீனைப் பாக்கணுமாம். உன்னைப் பத்திச் சொல்லியிருக்கேன். லேப்ல ஒரு ஆள் வேணுமாம் அவனுக்கு. தொட்டியைப் பாத்தா அவனுக்கே புரிஞ்சிரும்."

லேப்! வெள்ளைக் கோட்டு! அப்பா அதற்கப்புறம் குக்கர் வாங்க வருகிறவர்களிடம் என்னவெல்லாம் சொல்வார்!

மறுநாள் காலையிலேயே போய் மூன்று குடம் தண்ணீரை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் குழாயைத் திறந்தேன். நீச்சல் குளத்து வாடை. மழைக்காலம், ஊரெல்லாம் காய்ச்சல். அதனால் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கலந்திருந்தார்கள். மனிதனுக்கு நல்லது. மீனுக்கு விஷம். வழக்கமாக முந்தின நாளே டிரம்மில் பிடித்துத் திறந்து வைத்துவிடுவேன், வாடை போய்விடும். அன்று டிரம் காலி. லேப் கனவில் நான்தான் பிடித்துவைக்க மறந்திருந்தேன்.

சரி, கொதிக்க வைத்தால் வாடை போய்விடும். சமையலறைக்குப் போனேன்.

அங்கே சரசம்மா சேச்சி இருந்தார். ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைத்து, எல்லோருக்கும் சாயா போட்டுக் கொடுப்பவர். நெய்யாற்றின்கரைக்காரர். நான் அவரிடம் தமிழில் பேசுவேன், அவர் என்னிடம் அவருடைய தமிழில் பேசுவார். இரண்டு பேருக்கும் சிரமமே இல்லை.

"சேச்சி, பெரிய அண்டாவுல மூணு குடம் தண்ணி கொதிக்க வச்சு ஆற வைக்கணும். மீனுக்கு."

"மீனுக்கோ? நல்ல கதை. சரி மோளே, நான் செஞ்சோளாம்."

சோடாவை அளந்து ஒரு பொட்டலமாகக் கட்டித் தொட்டி மேல் வைத்தேன். "நான் வந்து ஊத்திக்கிறேன் சேச்சி" என்று சொல்லிவிட்டு, பல்செட் செய்கிற இடத்திலிருந்து ஒரு பல்செட்டை வாங்கி வருவதற்காகக் கிழக்கேகோட்டைக்கு நடந்தேன். பத்து நிமிட வேலை. பல்செட் தயாராகவில்லை. உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். மழை பிடித்துக்கொண்டது. பிற்பகலாகிவிட்டது.

இனி வருவது, நான் கேள்விப்பட்டது.

மூன்று குடம் குறைந்த தொட்டியில் மீன்கள் நீந்துவதைச் சரசம்மா சேச்சி பார்த்திருக்கிறார். மனசு கேட்கவில்லை. அண்டாத் தண்ணீர் ஆறியிருந்தது. மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறார். நான் செய்வதைப் பலமுறை பார்த்தவர் ஆனதால், பொட்டலத்தைப் பிரித்துச் சோடாவையும் ஒழுங்காகப் போட்டுக் கலக்கியிருக்கிறார்.

அப்போது அங்கே இருந்த ஒரே நோயாளி, சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடைவாய்ப் பல் பிடுங்க வந்தவர். பயத்தில் நேரமே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"அந்தம்மா ஊத்துனாவ. தண்ணி லேசா ரோசு கலரு ஆச்சு. அப்புறம் வெள்ளையா ஒரு பொடியைப் போட்டாவ. போட்டு ஒரு கிண்டு கிண்டுனாவ. அம்புட்டுதான் தாயி. ஆட்டை அறுத்த மாதிரி ஆயிட்டு."

நான் மாடியேறி வந்தேன். கையில் பல்செட் டப்பா.

தொட்டி சிவப்பாக இருந்தது.

லேசான சிவப்பு இல்லை. பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, பின்னால் இருக்கிற சுவர்கூடத் தெரியாத சிவப்பு. மேலே விளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது.

டப்பா கையிலிருந்து விழுந்தது. திறந்துகொண்டது. முழுப் பல்செட்டும் தரையில் உருண்டுபோய் அண்ணாச்சியின் காலடியில் நின்று சிரித்தது.

அண்ணாச்சி பல்லைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மறுபடி பல்லைப் பார்த்தார்.

"ஏ தாயி... இது நேத்து வந்த ஆளுக்குள்ளதா?"

"ஐயோ, இல்லை அண்ணாச்சி! இது செஞ்ச பல்லு."

"அப்ப அது?"

நான் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"சேச்சி! தண்ணில என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலையே மோளே. நீ சொன்னபடி கொதிக்க வச்சேன்."

"வெறும் தண்ணியா?"

"வெறும் தண்ணியோ?" சேச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "கொதிக்க வச்சு வெறும் தண்ணி யாராவது கொடுப்பாங்களா? பதிமுகம் இட்டுத்தான் கொதிக்க வச்சேன். அதுங்க எவ்வளவு தூரத்துல இருந்து வந்த விருந்துக்காரங்க!"

கேரளத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். பதிமுகம் என்பது ஒரு மரத்தின் சீவல். குடிக்கிற தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். ஓட்டலில், கல்யாணத்தில், வீட்டில், எங்கே போனாலும் அந்த இளஞ்சிவப்புத் தண்ணீர்தான் டம்ளரில் வரும். நானும் அதைக் குடித்து வளர்ந்தவள்தான். ஆனால் மீனுக்குக் கொதிக்க வைக்கும்போது "அதைப் போடாதீங்க" என்று தனியாகச் சொல்ல வேண்டும் என எனக்குத் தோன்றவில்லை.

"எவ்வளவு சேச்சி போட்டீங்க?"

"சாதாரணமா ஒரு பிடி. அந்த மஞ்சக் குட்டி கர்ப்பமா இருக்குன்னு நீ சொன்னே அல்லே? அதுக்காக ரெண்டு பிடி கூடப் போட்டேன்." சற்று யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "ஜீரகமும் போடலாம்னு இருந்தேன். அது பிரசவம் கழிஞ்சு போடலாம்னு எடுத்து வச்சிருக்கேன்."

நான் பட்டதாரி. பதறக் கூடாது. முதலில் அளக்க வேண்டும். காகிதத்தை எடுத்துத் தொட்டியில் முக்கினேன்.

சிவப்பு.

அட்டையைப் பார்த்தேன். சிவப்புக்கு நேரே இருப்பது கடும் அமிலம். பேட்டரிக்குள் ஊற்றுவார்களே, ஏறக்குறைய அந்த ரகம்!

அந்தக் கணக்குப்படி மீன்கள் இந்நேரம் கரைந்திருக்க வேண்டும். கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். சிவப்புக்குள்ளிருந்து ஒரு நீல மீன் வந்து எட்டிப் பார்த்தது. பின்னாலேயே இன்னொன்று வந்து அதன் வாலைக் கடித்தது. இரண்டும் சிவப்புக்குள் போய்விட்டன. கரைவதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

ஆனால் மஞ்சள் அம்மா எங்குமே தெரியவில்லை.

அமிலம் என்றால் சோடா போட வேண்டும். அரை ஸ்பூன் சோடாவைக் கரைத்து ஊற்றினேன். தொட்டி இன்னும் கொஞ்சம் சிவந்தது.

"போடப் போடக் கூடுதே தாயி" என்றார் அண்ணாச்சி.

பயந்து நிறுத்திவிட்டேன்.

இதற்குள் மாலை நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். தொட்டியைப் பார்த்தார். தரையில் எடுக்க மறந்த பல்செட்டைப் பார்த்தார். அண்ணாச்சியின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். வந்த வேகத்திலேயே இறங்கிப் போனார். போகும்போது அந்தப் பெண் கேட்டது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. "அம்மா, துப்புறது எல்லாம் அதிலயா சேத்து வைப்பாங்க?"

அடுத்து வந்தவர் வாசலிலேயே நின்று, "நாளைக்கு வரட்டே?" என்றார். மறுநாள் அவர் வரவில்லை.

தொட்டியை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். டாக்டர் ஆபரேஷனுக்குப் போர்த்துகிற பச்சைத் துணி ஒன்று இருந்தது. அதை எடுத்து நாலடித் தொட்டி முழுவதும் போர்த்தினேன்.

பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். யாரையோ கிடத்திப் போர்த்தியிருப்பது போலிருந்தது. உள்ளேயிருந்து காற்று மோட்டார் முனகிக்கொண்டிருந்தது.

"ஏ தாயி, அதை எடுத்துரு" என்றார் அண்ணாச்சி, அழாத குறையாக. "ரத்தமாவே இருக்கட்டும்."

எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் சரசம்மா சேச்சி ஒரு கண்ணாடி டம்ளரோடு வந்தார். தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் மொண்டார். இடது கையில் பாதி எலுமிச்சம்பழம். பிழிந்தார்.

டம்ளரில் பொடிப்பொடியாகக் குமிழி எழுந்தது. சிவப்பு மறைந்தது. வெளிறிய மஞ்சள்!

"பார்த்தியா?" சேச்சியின் முகத்தில் வெளிச்சம். "எங்க வீட்டுப் பிள்ளைங்க இப்படித்தான் விளையாடும். பிழிஞ்சா கலரு போயிடும். அடுக்களையில ஒரு குப்பி வினாகிரி இருக்கு. எலுமிச்சை வாங்க நான் இப்பவே ஓடறேன். டாக்டர் வரும்போ தொட்டி பழையபடி ஆயிடும் மோளே!"

"நல்ல யோசனை" என்றார் அண்ணாச்சி. "நான் வேணும்னா என் கடைப் பையனை விட்டு ஒரு கூடை எலுமிச்சை கொண்டாரச் சொல்லுதேன். என் பல்லு நாளைக்கு ஆவட்டும்."

வினிகர் பாட்டில் என் கைக்கு வந்துவிட்டது. மூடியும் திறந்தாகிவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், ஊற்றிவிடலாம் என்றுதான் இருந்தது. ரயில் வருகிற நேரம். டாக்டர் வருவார், லேப்காரர் வருவார், தொட்டி லேசான மஞ்சளில் பழைய தண்ணீர் மாதிரி இருக்கும். "கொஞ்சம் தூசி கலங்கிடுச்சு சார்" என்றால் போதும். எனக்கு வேலை கிடைத்துவிடும்.

ஆனால் வினிகர் அமிலம். எலுமிச்சையும் அமிலம். காகிதம் ஏற்கெனவே அமிலம் என்று அலறுகிறது. அதற்குள் இன்னும் ஒரு கூடை அமிலத்தைக் கொட்டினால், உள்ளே எங்கேயோ வாயை மூடிக்கொண்டு இருக்கிற அந்த மஞ்சள் அம்மா எல்லாவற்றையும் துப்பிவிடும். தொட்டி பார்க்க அழகாக இருக்கும், பிரசவ வார்டு காலியாகிவிடும்.

நான் வீரம் காட்டினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு இரண்டு பயம் இருந்தது. மீன் பயம், டாக்டர் பயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அவ்வளவுதான். பாட்டிலை மூடினேன்.

"வேண்டாம் சேச்சி. சிவப்பாவே இருக்கட்டும். நான் சொல்லிக்கிறேன்."

என்ன சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். டாக்டரின் குரல். "வா வா, உனக்கு ஒரு அதிசயம் காட்டுறேன்."

உண்மையிலேயே காட்டினார்.

உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், எங்கேயாவது காயம் இருக்கிறதா என்று தேடுவது போல.

"மக்களே... யாரு செத்தது?"

நான் கடகடவென்று ஆரம்பித்தேன். பிளீச்சிங் பவுடர், காலி டிரம், அண்டா, பல்செட், மழை, பதிமுகம், மூன்று பிடி, காகிதம், கடும் அமிலம். மூச்சு விடவில்லை. நடுவில் சரசம்மா சேச்சி "நல்லதுக்குத்தான் சாரே" என்றார். அண்ணாச்சி "நான் சாட்சி" என்றார், எதற்கு என்று சொல்லாமல்.

டாக்டர் நேராக உள்ளே போய், வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துவந்து, தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டார். நானும் பக்கத்தில் மண்டியிட்டேன். சிவப்புக்குள் வெளிச்சம் விரலளவுதான் போனது. கண்ணாடியைத் தண்ணீருக்குள் இறக்கி, கல்லுக்குப் பின்னால் திருப்பினார்.

அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் நடந்ததைத்தான் நான் கவனிக்கவில்லை.

லேப் சார் கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர். கொச்சியிலிருந்து கூட்டமான ரயிலில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். தொண்டை வறண்டிருக்கிறது. மேஜையில் ஒரு கண்ணாடி டம்ளர். வெளிறிய மஞ்சள். குமிழி. பக்கத்திலேயே பிழிந்த எலுமிச்சம்பழம். வேறு என்ன நினைப்பார்?

"பேஷ்!" என்று பின்னாலிருந்து குரல் கேட்டுத் திரும்பினேன்.

டம்ளர் காலி. வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"லெமன் சோடாவா? நன்னா இருக்கே! உப்பு மட்டும் துளி கம்மி. இன்னொரு டம்ளர் கொடேன் அம்மா."

சரசம்மா சேச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. டாக்டர் கண்ணாடியோடு மண்டியிட்டபடியே என்னைப் பார்த்தார்.

ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் போதும். அடுக்களையில் நிஜமாகவே மீதிப் பாதி எலுமிச்சை இருந்தது, சோடா இருந்தது, உப்பும் இருந்தது. அவர் கேட்ட இன்னொரு டம்ளரை ஒழுங்காகக் கலந்து கொடுத்திருக்கலாம். சந்தோஷமாக வேலை கொடுத்திருப்பார்.

"சார்..." என்றேன். "அது மீன்தொட்டித் தண்ணி சார்."

லேப் சார் வாயைத் துடைப்பதை நிறுத்தினார்.

"எது?"

"நீங்க குடிச்சது. எலுமிச்சை மட்டும் நிஜம் சார்."

லேப் சார் தொட்டியைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். மெதுவாக டாக்டர் பக்கம் திரும்பினார்.

"டேய். நான் பொறந்ததுலேர்ந்து முட்டைகூடத் தொட்டதில்லைடா. இது என்ன கணக்கு?"

"மீனு உள்ள போவலைலா" என்றார் டாக்டர். "அது குளிச்ச தண்ணி மட்டுந்தான். பரவால்ல."

லேப் சார் ஓடிப்போய் பல் பிடுங்குகிற நாற்காலியில் ஏறி, பக்கத்தில் இருக்கும் துப்பும் கிண்ணத்தில் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே ஆள் அவர்தான்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் டாக்டர் கத்தினார். "மக்களே, இங்க வா!"

சின்னக் கண்ணாடியில் தெரிந்தது. கல்லுக்குப் பின்னால், கன்னம் இரண்டும் புடைத்து, எங்களைக் கடுப்போடு பார்த்துக்கொண்டு, மஞ்சள் அம்மா. வாய் இறுக்கமாக மூடியிருந்தது.

"துப்பலை!" என்றார் டாக்டர். "திறக்கவே இல்லை பாரு!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சரசம்மா சேச்சியும் அழுதார். அண்ணாச்சி இதுதான் நல்ல சமயம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

லேப் சார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"லேப்ல முதல் சட்டம் என்ன தெரியுமா? பேர் ஒட்டாத டம்ளரை மேஜைல வைக்கப்படாது."

"சரி சார்."

"இன்னொரு டம்ளர் கேட்டேனே. கொடுத்துட்டு வாயை மூடிண்டு இருந்திருக்கலாமே? எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"அப்புறம் எனக்குத் தூக்கம் வராது சார். ஏற்கெனவே கொஞ்சமாத்தான் வரும்."

அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணாந்தேதி வந்துடு" என்றார் லேப் சார். "சம்பளத்தை அப்புறம் பேசலாம். இப்ப எனக்கு வாய் ஒரு மாதிரி இருக்கு."

அதற்கப்புறம் வடிகட்டும் பெட்டியில் கரியைப் போட்டோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினோம், சேச்சியைப் பக்கத்தில் விடாமல். சில நாளில் சிவப்பு போயிற்று. மஞ்சள் அம்மா ஒரு காலையில் வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து கடுகளவு குஞ்சுகள் வரிசையாக வெளியே நீந்தி வந்தன. சரசம்மா சேச்சி சொன்னபடியே ஜீரகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

லேப்பில் சேர்ந்தேன். அங்கே இருந்தவரை, நான் நீட்டிய எந்த டம்ளரையும் லேப் சார் கையால் தொட்டதில்லை. பச்சைத் தண்ணீராக இருந்தாலும் தானே போய்ப் பிடித்துக்கொள்வார்.

ஒரு மதியம் வேலை குறைவாக இருந்தது. மனசில் ஒரு உறுத்தல். பதிமுகத்தைக் கொதிக்க வைத்து, வடித்து, கண்ணாடிக் குழாய்களில் வரிசையாக ஊற்றினேன். எல்லாவற்றிலும் பேர் ஒட்டினேன். ஒன்றில் அமிலம் சேர்த்தேன், வெளிறிய மஞ்சள். ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை, சாப்பாட்டு மேஜையில் பார்க்கிற இளஞ்சிவப்பு. ஒன்றில் ஆப்பிரிக்க மீனுக்கு எவ்வளவு காரம் வேண்டுமோ, சரியாக அவ்வளவு சோடா.

அது அன்றைய தொட்டியின் அதே சிவப்பு.

கடும் அமிலம் என்று காகிதம் காட்டியது வெறும் சாயம் ஒட்டியதால். தண்ணீர் சரியாக இருந்தால் மட்டும்தான் அந்த நிறமே வரும். காகிதத்தை முக்கி முக்கி நான் தேடிய விடை, நாலடி நீளத்துக்கு என் கண் முன்னாலேயே சிவந்து நின்றிருக்கிறது.